பாலைவனத்து மூடுபனியின் பிறப்பிடம்

ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரையோரமாக நீண்டு கிடப்பது நமீப் பாலைவனம். அங்கே, கடலிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீற்றர் உள்ளே, குயிசெப் ஆற்றங்கரையில் கோபபெப் என்னும் ஆய்வு நிலையம் 1962ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. ஆறு என்றதும் நீர் ஓடும் என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. ஆண்டின் பெரும்பகுதியில் அது வெறும் மணற்படுகையே. மழையோ ஆண்டொன்றுக்குச் சராசரியாக 25 மில்லிமீற்றர் அளவே பெய்கிறது. எனினும் அங்கே உயிர்கள் வாழ்கின்றன. மூடுபனி சூழும் வேளையில் ஒருவகைக் கருவண்டு மணற்குன்றின் உச்சிக்கு ஏறி, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கும். முதுகிற் படியும் துளிகள் வழிந்து அதன் வாயை அடையும். அன்றைய தாகம் அவ்வாறு தீரும்.

இம் மூடுபனி முழுவதும் கடலின் கொடை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்வாறு கருதியதற்குக் காரணமும் உண்டு. கரையை அணைந்து செல்லும் பெங்குவெலா நீரோட்டம் மிகக் குளிர்ந்தது. அதன் மேலாக வரும் ஈரக்காற்றுக் குளிர்ந்து தாழ்முகிலாகி, நிலத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. ஆனால் வேறொரு வகையும் உண்டு. வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவில் மணல் தன் வெப்பத்தை இழக்க, அதனையொட்டிய காற்றின் ஈரம் அவ்விடத்திலேயே மூடுபனியாகிறது. முன்னது பெயர்ந்து வந்தது. பின்னது அங்கேயே பிறந்தது. இரண்டும் கலந்து தோன்றுவதும் உண்டு.

காற்றின் திசையையும் வெப்பநிலையையும் அளந்தால் ஓரளவு வேறுபாடு புலப்படும். ஆயின் உறுதியான சாட்சி துளியின் உள்ளேயே இருக்கிறது. நீர் ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்தது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவ்வணுக்களுள் மிகச் சில ஏனையவற்றிலும் பாரமானவை. ஒரே மூலகத்தின், நிறை வேறுபட்ட இவ்வணுக்களைச் சமதானிகள் என்பர். பாரமான அணுவையுடைய நீர் ஆவியாவதிற் பின்தங்கும்; ஒடுங்கித் துளியாவதில் முந்தும். கடலிலிருந்து எழுந்த ஈரத்திற் பார ஐதரசனுக்கும் பார ஒட்சிசனுக்கும் இடையே, உலகெங்கும் ஏறக்குறைய ஒத்ததான ஒரு தொடர்பு காணப்படும். வறண்ட நிலத்தில் விரைந்து ஆவியாகிய நீரில் அத்தொடர்பு பிறழ்ந்துவிடும். ஒட்சிசனின் மூன்றாவது சமதானியையும் அளந்தால், மூடுபனி நீரையும் மணலிற் படியும் பனித்துளியையுங்கூடப் பிரித்தறியலாம். சேகரித்த நீரை இறுக மூடிவைத்தல் வேண்டும். குப்பியிற் சிறிது ஆவியானாலும் சாட்சி கெட்டுவிடும்.

இம்முறையைக் கோபபெப்பிற் பயன்படுத்திய ஆய்வொன்று 2017இல் வெளிவந்தது. ஆய்வுக் காலத்தில் நிகழ்ந்த மூடுபனிகளுட் பாதிக்கு மேற்பட்டவை கடலிலிருந்து வந்தவை அல்ல என்பது அதன் முடிவு. நிலத்தடி நீர் செடிகள் வாயிலாகவும் மண் வாயிலாகவும் ஆவியாகி, மூடுபனியாக மீண்டும் மேல்மண்ணுக்குத் திரும்புகிறதாம். இது சிறிய செய்தியன்று. கடற்பனி புதிய வருவாய். உள்ளூர்ப்பனியோ வீட்டுப் பணம் ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு மாறுவது போன்றது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதினால் அப்பாலைவனத்தின் நீர்ச்செல்வம் பெருகுகிறதா, குறைகிறதா என்பது விளங்காது.

ஆனால் 2019இல் வெளியான செய்மதி ஆய்வு, கடல்மேல் உருவாகி நிலத்துக்குப் பெயரும் தாழ்முகில்களுக்கே முதன்மை தந்தது. செய்மதி பரந்த நிலப்பரப்பைப் பார்க்கிறது. எனினும் முகிலின் மேற்புறத்தையே காண்கிறது. சமதானி ஆய்வு துளியின் உள்ளே பார்க்கிறது. ஆனால் வலை கட்டிய இடத்துத் துளியை மட்டுமே.