ஈட்டிய நாள் எவருடையது?

(மயிலையில் நிகழ்ந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சிறைப்பட்டவன் ஒழுங்காக நடந்தும் உழைத்தும் தன் ஒறுப்புக் காலத்தில் சில நாள்களைக் கழித்துக் கொள்ளலாம். 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் வழி ஆங்கிலேயன் வைத்துச் சென்ற முறை இது. சிறைக்குள் இதனை 'ரெமிசன்' என்கின்றனர். அரசு 'தண்டனைக் குறைப்பு' என்கிறது. யான் 'ஈட்டுநாள்' என்பேன். குறைப்பு என்றால் குறைப்பவன் முன்னே நிற்கிறான். ஈட்டுநாள் என்றால் உழைத்தவன் முன்னே நிற்கிறான். சொல்லை மாற்றுவது வீண்வேலை என்று நகைப்பார் நகைக்கட்டும். வழக்கே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

காந்தியடிகள் கொலை வழக்கில் சிறைப்பட்ட கோபால் கோட்சே, ஈட்டிய நாள்களையும் கூட்டித் தம் காலம் முடிந்ததென்றார். வாழ்நாள் சிறை என்பது வாழ்நாள் முழுமைக்கும் உரியது, விடுவிப்பது அரசின் விருப்பம் என்று 1961-இல் உச்ச முறைமன்றம் மறுத்துவிட்டது. 1978-இல் 433-அ என்னும் பிரிவு வந்தது. சாவொறுப்புக்கும் உரிய குற்றத்திற்காக வாழ்நாள் சிறை பெற்றவன், எத்துணை நாள் ஈட்டினாலும் 14 ஆண்டு மெய்யாகவே உள்ளிருந்தாக வேண்டும். 2024 சூலை முதல் அதே பிரிவு புதிய சட்டத்தில் 475 என்னும் எண்ணோடு நிற்கிறது.

பதினான்கு ஆண்டு கழிந்த பின்னராவது கதவு தானே திறக்குமா? திறவாது. அண்ணா நூற்றாண்டை ஒட்டி, 2008-இல், 1,400-க்கும் மேற்பட்ட வாழ்நாள் சிறையாளரைத் தமிழக அரசு விடுவித்தது. மகிழ்ந்தோம். ஆனால் விழா வாராத ஆண்டில் உள்ளிருப்பவன் என்ன பிழை செய்தான்?

இங்கிருந்து அடையாற்றுப் பாலம் கடந்து, சர்தார் பட்டேல் சாலையில் திரும்பினால் கிண்டி ஆளுநர் மாளிகை. 1991 சூனில் பத்தொன்பது அகவையில் பிடிக்கப்பட்ட பேரறிவாளனையும் மற்ற அறுவரையும் விடுவிக்க 2018 செபுதம்பர் 9-இல் கோட்டையில் கூடிய அமைச்சரவை பரிந்துரைத்தது. கோட்டைக்கும் கிண்டிக்கும் எத்துணைத் தொலைவு? ஒரு மணி நேரத்தில் சுற்றியும் வந்துவிடலாம். அந்தக் கோப்போ ஈராண்டுக்கு மேல் அசையவில்லை; 2021 சனவரியில் குடியரசுத் தலைவர்க்கு அனுப்பப்பட்டது. இவ்வதிகாரத்தில் ஆளுநர் அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டவர் என்று 1980-இலேயே மாருராம் வழக்கில் சொல்லப்பட்டாயிற்று! 2022 மே 18-இல்தான் உச்ச முறைமன்றம் தன் தனியதிகாரத்தைக் கொண்டு பேரறிவாளனை விடுவித்தது. அவருடைய சிறையொழுக்கத்தையும், உள்ளிருந்தே கற்ற கல்வியையும், நோயையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. ஒழுக்கமும் கல்வியும் முன்பே பதிவேட்டில் இருந்தவைதாமே? படித்துப் பார்க்கத்தான் ஆளில்லை. அற்புதம் அம்மையார் ஏறி இறங்கிய படிகளுக்குக் கணக்குண்டா?

கொலையுண்டவன் வீட்டாரை மறந்து பேசுகிறாய் என்பீர்கள். மறக்கவில்லை. பில்கிசு பானு வழக்கில் ஒறுக்கப்பட்ட பதினொருவரைக் குசராத்து அரசு 2022-இல் விடுவித்தது. அதற்கு அவ்வரசுக்கு அதிகாரமில்லையென்று 2024 சனவரி 8-இல் உச்ச முறைமன்றம் அவர்களைத் திரும்பச் சிறைக்கனுப்பியது. விடுதலை அரசின் அருளாக இருக்கும்வரை ஆளுவோர்க்கு வேண்டியவன் விரைந்து வருவான். வேண்டாதவன் முப்பதாண்டு கிடப்பான். இரண்டும் ஒரே நோய்.

ஆகவே நாம் கேட்பது இரக்கமன்று, கணக்கு. திங்கள்தோறும் ஈட்டிய நாளைத் தமிழில் எழுதிச் சிறையாளன் கையில் கொடுங்கள். வெட்டுவதாயின் கரணியத்தை எழுதி, அவன் மறுமொழியைக் கேட்ட பின் வெட்டுங்கள். வேலை தாராமல் வைத்திருந்த நாளுக்கும், நோயில் கிடந்த நாளுக்கும் அவனைப் பொறுப்பாக்காதீர்கள். 14 ஆண்டு முடிந்தவனின் கோப்புக்கு நாள் வரம்பு வையுங்கள். மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று அவனுக்கும், அவனால் கேடுற்ற குடும்பத்திற்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.