வரி விதிக்கும் உரிமையும் தொழிலாளியின் சம்பளமும்

(தொழிற்சங்க அங்கத்தவர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமஷ்டி என்று நாம் வாய் திறந்த நாள் தொட்டு, மக்கள் எம்மிடம் மொழியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். காணியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பொலிசைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். பணத்தைப் பற்றிக் கேட்டவர் மிகச் சிலரே. இம்மேடைக்கு ஏறுமுன் இலிகிதர் ஒருவர் எம்மை மறித்து, "ஐயா, நீங்கள் கேட்கிற அதிகாரம் கிடைத்தால் என் சம்பளத்தில் இன்னொரு வெட்டு விழுமோ?" என்று வினவினார். நாம் பேச எண்ணி வந்தது வேறு. அவருடைய வினாவோ நாம் எண்ணியதிலும் பெரிது. ஆகவே அதற்கே விடை கூற முனைகிறோம்.

1957ஆம் ஆண்டு யூலை 26ஆந் திகதி பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தைப் பற்றி நாம் பேசாத மேடையில்லை. ஆனால் அதிலே பிரதேச சபைகளுக்கு வரி விதிக்கவும் கடன் பெறவும் அதிகாரம் உண்டென்று எழுதப்பட்டிருந்ததை எத்தனை பேர் நினைவிற் கொண்டிருக்கிறோம்? அடுத்த ஆண்டு ஏப்பிரில் மாதத்திலேயே அவ்வொப்பந்தம் கிழித்தெறியப்பட்டது. அந்த அதிகாரம் தொழிலாளியின் சம்பளத்தை என்ன செய்திருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டவில்லை. பார்க்கும் வாய்ப்புப் பெற்ற நாடொன்று உண்டு. அது ஸ்கொட்லாந்து. எம்மை ஆண்ட அதே வெஸ்ற்மின்ஸ்ரரின் கீழ் இருக்கும் நாடாகையால் அதன் கதை எமக்குப் பாடமாகும்.

1997ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆந் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பில் அம்மக்களிடம் இரண்டு வினாக்கள் கேட்கப்பட்டன. உங்களுக்கெனப் பாராளுமன்றம் வேண்டுமா என்பது ஒன்று. அப்பாராளுமன்றத்துக்கு வரியை மாற்றும் அதிகாரம் வேண்டுமா என்பது மற்றையது. முதலாவதற்கு நூற்றுக்கு 74.3 பேர் ஆம் என்றனர்; இரண்டாவதற்கு 63.5 பேர் ஆம் என்றனர். 'டார்ட்டன் வரி' வருகிறது, உங்கள் சட்டைப்பை காலியாகப் போகிறது என்று எதிரிகள் முழங்கிய பின்னரும் மூவரில் ஏறத்தாழ இருவர் அதை விரும்பி ஏற்றனர். எமது இலிகிதரைப் போன்ற ஐயம் அங்கும் இருந்தது என்பதைச் சுட்டவே இதைக் கூறுகிறோம்.

பின் நடந்தது என்ன? அடிப்படை வரியை மூன்று வீதம் வரை கூட்டவோ குறைக்கவோ 1998ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஒரு நாளாவது அதை எவரும் கையாண்டாரில்லை. அந்த அதிகாரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு இலண்டன் வரித் திணைக்களத்தின் கணினி ஏற்பாடுகளுக்கு ஆண்டுதோறும் ஐம்பதினாயிரம் பவுண் செலுத்த வேண்டியிருந்தது. அப்பணம் கட்டப்படாமையால் அதிகாரம் செயலிழந்து கிடந்தது என்ற செய்தி 2010ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் பூசல் எழுந்தது. சட்டப் புத்தகத்தில் உரிமை இருந்தது. வரி அறவிடும் இயந்திரத்தில் இல்லை! மாகாண சபைகளைக் கண்டு களைத்த எமக்கு இக்கதை புதிதாகத் தோன்றாது.

உண்மையான அதிகாரம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2017 ஏப்பிரில் முதல், சம்பளத்தின் மீதான வருமான வரியின் வீதங்களையும் படிகளையும் எடின்பரோவே வகுக்கிறது. ஆனால் வரியில்லாத முதற் தொகையாகிய 12,570 பவுணை வகுப்பது இலண்டன். தேசிய காப்புறுதிக் கழிவை வகுப்பதும் இலண்டனே. இப்பிரிவினையை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். சூட்சுமம் இதிலேதான் இருக்கிறது.

2025-26ஆம் வரியாண்டின் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 25,000 பவுண் உழைக்கும் தொழிலாளி கிளாஸ்கோவில் வாழ்ந்தால் இங்கிலாந்தில் வாழ்பவனிலும் 28 பவுண் குறைவாக வருமான வரி கட்டுகிறான். 30,000 பவுண் உழைப்பவனுக்கு வேறுபாடு மூன்று பவுண். ஒரு வேளைத் தேநீருக்கும் பணியாரத்துக்கும் காணும். அதற்குச் சற்று மேலே தராசு மறுபுறம் சாய்கிறது. 40,000 பவுண் பெறுபவன் 97 பவுண் கூடுதலாகச் செலுத்துகிறான். 50,000 பவுண் பெறுபவனோ 1,528 பவுண் கூடுதலாகச் செலுத்துகிறான். கீழே உள்ளவனுக்குக் கிடைத்த சலுகை சிறிது; மேலே உள்ளவன் மீது விழுந்த சுமை பெரிது. இது தற்செயலன்று. அந்நாட்டு அரசாங்கம் தெரிந்து செய்த தெரிவு.

இந்த 50,000 பவுண்காரனைப் பணக்காரன் என்று எண்ணிவிடாதீர்கள். அனுபவம் மிக்க ஆசிரியரும் தாதியரில் மேற்பதவியினரும் இப்படிக்கு அண்மையிலேயே இருக்கின்றனர். எடின்பரோவின் 42 வீதப் படி 43,662 பவுணுக்கு மேல் தொடங்குகிறது. இலண்டனின் காப்புறுதிக் கழிவு எட்டு வீதத்திலிருந்து இரண்டு வீதமாகக் குறைவதோ 50,270 பவுணுக்கு மேல். இரண்டுக்கும் இடைப்பட்டவன் மேலதிக நேரம் உழைத்து நூறு பவுண் தேடினால் ஐம்பது பவுணே கைக்கு வருகிறது. இங்கிலாந்தில் அதே நூறில் 72 பவுண் கைக்கு வரும். இதை எடின்பரோ மட்டும் செய்ததாகவும் சொல்ல முடியாது, இலண்டன் மட்டும் செய்ததாகவும் சொல்ல முடியாது. இரு அரசாங்கங்கள் ஒரே சம்பளத்தில் கை வைத்து, ஒன்றை ஒன்று கலந்து கொள்ளாததன் விளைவு இது. அரைகுறை அதிகாரப் பகிர்வின் தண்டத்தை உழைப்பவனே கட்டுகிறான்.

ஆனால் சம்பளச் சீட்டு முழுக்கதையன்று. ஸ்கொட்லாந்தில் வைத்தியர் எழுதித் தரும் மருந்து 2011 முதல் இலவசம்; இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு ஒன்பது பவுணுக்கு மேல். அந்நாட்டுப் பிள்ளைகள் தம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குக் கட்டணம் கட்டுவதில்லை. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பனவு உண்டு. பல்கலைக்கழகம் புகும் வயதில் இரு பிள்ளைகள் உள்ளவன் 1,528 பவுணைக் குறித்து முணுமுணுப்பது அரிது, தனியாள் முணுமுணுப்பான். அவன் முணுமுணுப்பும் நியாயமே.

இன்னொன்று. கூடுதல் வரி முழுவதும் எடின்பரோவின் பெட்டியில் வீழ்வதில்லை. வரியதிகாரம் கைமாறியபோது இலண்டன் கொடுக்கும் மானியத்திலிருந்து ஒரு தொகை கழிக்கப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தின் ஏனைய பகுதிகளில் தலைக்குரிய வருமான வரி வளரும் வேகத்தில் அக்கழிவும் ஆண்டுதோறும் வளர்கிறது. ஸ்கொட்லாந்தில் சம்பளங்கள் மெதுவாக வளர்ந்தால், கூட்டிய வரியின் ஒரு பகுதி அந்தப் பள்ளத்தை நிரப்பவே செலவாகும். தொழிலாளி கூடுதலாகக் கொடுத்தும் அவன் ஊர்ப் பாடசாலைக்கு அத்தொகை முழுவதும் போய்ச் சேராத நிலை இவ்வாறு உண்டாகிறது. வேல்ஸ் மக்கள் இதைக் கண்டு அஞ்சினரோ என்னவோ, 2019 முதல் தமக்குக் கிடைத்த வரியதிகாரத்தை இங்கிலாந்தின் வீதத்தோடு ஒட்டியே கையாண்டு வருகின்றனர்.

இனி எம் நாட்டுக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் வருமான வரியை மத்திய அரசாங்கத்துக்கே ஒதுக்கிவிட்டது. மாகாணங்களுக்கு விற்பனைப் புரள்வு வரி, முத்திரைத் தீர்வை, வாகன அனுமதிக் கட்டணம் முதலியன கொடுக்கப்பட்டன. அவற்றுள் உருப்படியான புரள்வு வரியும் 2011இல் நீக்கப்பட்டது. அதற்கு ஈடாகத் தேசக் கட்டுமான வரியில் மூன்றிலொரு பங்கு தரப்படும் என்றனர். 2019 டிசெம்பரில் அந்த வரியே ஒழிக்கப்பட்டது. பங்கைக் கொடுத்தவர்கள் பங்கின் மூலத்தையே எடுத்துவிட்டனர். வட மாகாண சபையின் பதவிக்காலம் அதற்கு முந்திய ஆண்டே முடிந்திருந்தமையால், ஏன் என்று கேட்கவும் அங்கே சபை இருக்கவில்லை.

ஆகவே இலிகிதர் ஐயாவுக்கு எம் விடை இது. 2025 ஏப்பிரில் முதல் மாதச் சம்பளத்தில் ஒன்றரை இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. இரண்டு இலட்சம் பெறுபவர் மூவாயிரம் ரூபா கட்டுகிறார். அது முழுவதும் கொழும்புத் திறைசேரிக்குப் போகிறது. அதிகாரம் வந்தால் அந்த மூவாயிரம் நாலாயிரமாகலாம், இரண்டாயிரமுமாகலாம். ஆகாது என்று நாம் வாக்குறுதி அளித்தால் அது பொய்யாகும்.

ஒன்றரை இலட்சத்துக்கு மேல் பெறுவோர் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை பேர்? கடற்றொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் அந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறார்கள். அவர்கள் வரி கட்டாதவர்களல்லர். 2024 சனவரி முதல் பதினெட்டு வீதமாக உயர்ந்த பெறுமதிசேர் வரியை அவர்கள் கடையிலே கட்டுகிறார்கள். வருமான வரியை மட்டும் எம் கையில் தந்துவிட்டு மானியத்தைக் கழித்தால் எமக்கு மிஞ்சுவது வெறும் பெட்டியே. அப்போது நடுத்தரச் சம்பளக்காரனைப் பிழிவதைத் தவிர மாகாணத்துக்கு வேறு வழி இராது. சமஷ்டி வேண்டுமென்று தொண்டை கிழியக் கத்தும் எம்மிற் பலர் இதைப் பேசத் துணிவதில்லை.

வரி எந்த ஊர்க்கணக்கில் பதியப்படும் என்பதும் முக்கியம். ஸ்கொட்லாந்திலே முதலாளியின் காரியாலயம் எங்கிருந்தாலும் தொழிலாளி குடியிருக்கும் இடமே கணக்கு. அவன் வரிக் குறியீட்டின் முன்னே 'எஸ்' என்ற எழுத்து விழுகிறது. எம் நாட்டில் வங்கிகளினதும் பெருங் கம்பனிகளினதும் தலைமைக் காரியாலயங்கள் பெரும்பாலும் கொழும்பிலே. கிளிநொச்சிக் கிளையில் வேலை செய்பவரின் வரியைத் தலைமைக் காரியாலயம் இருக்கும் இடத்துக் கணக்கில் எழுதுவார்களாயின், அவர் வரியும் மேல் மாகாணத்தின் செல்வமாகவே எண்ணப்படும்.

1957ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே மத்திய அரசாங்கம் கொடுக்கும் மானியத்தை எவ்வடிப்படையில் கணிப்பது என்பது பின்னர் ஆராயப்படும் என்று விடப்பட்டிருந்தது. இனி எவர் எம்மோடு பேச வந்தாலும் அக்கணிப்பு முறையை முதலில் எழுதி வைக்கும்படி கேட்போம். வீதத்தைப் பின்னர் பேசலாம். எமது தொழிற்சங்கங்களும் தம் அங்கத்தவர்களின் சம்பளச் சீட்டுக்களை வாங்கி, எவ்வளவு எங்கே போகிறதென்று இம்மாதமே கணக்கெடுக்கத் தொடங்கட்டும். இலிகிதர் ஐயாவின் சீட்டு முதலாவதாக இருக்கட்டும், அவர் சம்மதித்திருக்கிறார்.