மின்கம்பியில் வரும் செய்தி

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வருவது இயல்பே. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டு, தனக்குரிய சாவிக்கு மட்டுமே இணங்கும். அவ்வாறே தனக்குரிய குறிப்புக்கு மட்டும் இணங்கி எரியும் விளக்கும் உண்டு. அது சில வேளைகளில் இணங்க மறுப்பது ஏன்? அதை ஆராய்வோம்.

மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி செய்தியையும் சுமக்கவல்லது. உயர் அழுத்தக் கம்பிகளின் வழியே துணைமின் நிலையங்கள் ஒன்றோடொன்று பேசும் முறை நெடுங்காலமாக வழக்கில் இருந்து வந்திருக்கிறது. அத்தகைய நிலையங்களின் முகப்பில் கம்பியோடு தொங்கும் பெரிய சுருள், செய்தி அலை வேண்டாத திசையில் சிதறாமல் தடுக்கும் அணையாகும். இந்த உபாயத்தை வீட்டு விளக்குக்குக் கொண்டுவந்தவர்கள், ஸ்காட்லாந்திலிருந்த பைகோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தார். 1975-ல் அவர்கள் அமைத்த முறைக்கு எக்ஸ்-10 என்று பெயர்.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுக்கள் உடையது. ஆகவே அதன் அழுத்தம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைக் கடக்கிறது. ஓசை அடங்கிய அக்கணத்தில், 120,000 அதிர்வுகள் கொண்ட மெல்லிய அலை ஒரு மில்லி விநாடி நேரம் அனுப்பப்படும். அலை இருந்தால் ஒன்று, இல்லையேல் பூஜ்யம். 16 எழுத்துக்களும் 16 எண்களும் சேர்ந்து 256 முகவரிகள் ஆகின்றன. அடுத்த வீட்டாரும் அதே முகவரியை வைத்துக்கொண்டால், அவர் விசை நம் விளக்கை ஏற்றக்கூடும்!

திண்டுக்கல்லில் வசிக்கும் என் பெரியப்பா வயது முதிர்ந்தவர். இருட்டியதும் அவர் வீட்டுப் படிக்கட்டு விளக்கு தானே எரியவேண்டும். பகலில் சோதித்தால் எரிந்தது, மாலையில் மறுத்தது. இருளில் ஒரு படி தவறினால் என்னவாகும்? கருவி கெட்டுவிட்டது என்று வீட்டார் முடிவு கட்டினர். நாங்களோ எல்லாக் கருவிகளின் இணைப்பையும் கழற்றினோம், விளக்கு பணிந்தது. ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். மாலைதோறும் கைபேசிக்கு மின்னேற்றும் சிறு கருவியைச் சேர்த்ததும் விளக்கு மீண்டும் பிணங்கியது!

காரணம் என்ன? இத்தகைய கருவிகள் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துச் சேர்க்கின்றன. 60,000 அதிர்வில் இயங்கும் கருவியின் இரட்டிப்பு அதிர்வு 120,000 அல்லவா? அது செய்தியின் மேலேயே வந்து விழுகிறது. இரைச்சல் எழுப்பாமலே கேடு செய்யும் கருவிகளும் உள. தொலைக்காட்சி, கணிப்பொறி முதலியவற்றின் வாயிலில் அமைந்த மின்தேக்கி, மெல்லிய அலையை விழுங்கிவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: குற்றவாளிக்கும் சுவருக்கும் இடையே ஒரு வடிகட்டி. எங்கள் விளக்கும் அதனாலேயே சீரடைந்தது.

மும்முனை இணைப்புள்ள வீடுகளில் மற்றொரு தடை உண்டு. விசை ஒரு முனையிலும் விளக்கு வேறொரு முனையிலும் இருந்தால், செய்தி தெரு மின்மாற்றிவரை சென்று திரும்பவேண்டும், வழியிலேயே சோர்ந்துவிடும். முனைகளுக்கு இடையே இணைப்புக் கருவி பொருத்துவதே பரிகாரம். அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை, மாணவர்கள் தொடலாகாது.

இரைச்சலைத் தேட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மத்திய அலை வானொலிப் பெட்டியை நிலையமில்லாத இடத்தில் திருப்பி, ஐயத்துக்குரிய கருவியின் அருகே கொண்டுசெல்லுங்கள். பெரும்பாலும் அது கரகரவென்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, விளைவைக் கவனி, பிறகே முடிவு செய். கல்லூரிச் சோதனைச்சாலையின் இந்த ஒழுங்கை வீட்டிலும் கைக்கொண்டால், பழுதற்ற பொருள் குப்பைக்குப் போகாது. உண்மையான குற்றவாளியும் தப்பமாட்டான்.