குறுங்கோளை விடுங்கள், கணுவைப் பாருங்கள்

சின்னசேலத்திலிருந்து வந்திருக்கிறேன். ஜோதிடம் என் தொழில்; திருக்கணிதம் என் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிப் பேசப்போவதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

ராசிக் கட்டம், லக்னம், ராகு-கேது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விளக்கி நேரத்தைப் போக்கப்போவதில்லை. இரண்டு மூன்று வருஷமாகப் பரவிவரும் ஒரு மோகத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. ஜாதகக் கட்டத்தில் குறுங்கோள்களைக் கொண்டுவந்து கொட்டுகிறார்களே, அந்த மோகம். சிரஸ், பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா என்று நான்கில் ஆரம்பித்தது. இப்போது செல்பேசியில் ஒரு பொத்தானைத் தட்டினால் நூறு பெயர் வந்து விழுகிறது. எண் கொடுத்துப் பதிவான குறுங்கோள்கள் மட்டும் 7 லட்சத்துக்கு மேல். பன்னிரண்டு கட்டத்தில் எத்தனையை அடைப்பது?

கச்சிராயப்பாளையம் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். உட்காரும்போதே, “ஐயா, ஏழாம் இடத்துல ஜூனோ உக்காந்திருக்கு. அதான் கல்யாணம் தள்ளிப்போகுது” என்றார். ஜூனோ வானத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. செல்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ராசி இருந்தது, பாகை இருந்தது, கலை இருந்தது. உயரம் மட்டும் இல்லை.

என் முழு வாதமும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சூரியன் போகும் வீதி ஒன்று. அதை ஒட்டித்தான் நம் பன்னிரண்டு ராசியும். சந்திரன் அந்த வீதியைவிட்டு ஐந்து பாகைக்குக் கொஞ்சம் மேல் விலகும், அவ்வளவுதான். சனியின் பாதைக்கு இரண்டரை பாகைச் சாய்வு. அதனால் “சனி கும்பத்தில் இருக்கிறார்” என்று சொன்னால் அண்ணாந்து பார்த்தாலும் அங்கேதான் இருப்பார். பல்லாஸ் அப்படியில்லை. அதன் பாதைக்கு ஏறக்குறைய 35 பாகைச் சாய்வு. உச்சியில் இருக்கும்போது அது ராசி மண்டலத்தைவிட்டு எங்கோ வெளியே திரிந்துகொண்டிருக்கும். அதைக் கொண்டுவந்து சிம்மக் கட்டத்தில் எழுதினால், அது காகிதத்தில்தான் சிம்மம். ஜூனோவுக்கு 13 பாகை, சிரஸுக்கு பத்தரை, வெஸ்டாவுக்கு ஏழு.

அப்படியானால் ஒரு குறுங்கோள் உண்மையாகவே ராசி வீதியில் காலை வைப்பது எப்போது? தன் கணுவில் நிற்கும்போது. ஒரு சுற்றில் இரண்டே முறை: கீழிருந்து மேலே ஏறும் ஏறு கணு, மேலிருந்து கீழே இறங்கும் இறங்கு கணு. அதனால்தான் சொல்கிறேன், குறுங்கோளை விடுங்கள், கணுவைப் பாருங்கள்.

எங்கள் ஊர் ரயில்வே கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சேலம்–விருத்தாசலம் ரயில் ஆத்தூரில் நிற்கிறதா, தலைவாசலைத் தாண்டிவிட்டதா என்பது ரோட்டில் போகிறவனுக்குப் பொருட்டில்லை. ரோடும் தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் அந்த இடம்தான் அவனுக்குப் பொருட்டு.

இது நமக்குப் புதிதும் இல்லை. ராகுவும் கேதுவும் என்ன? அங்கே ஒரு கல்லாவது மண்ணாவது உண்டா? கிடையாது. சந்திரன் பாதை சூரிய வீதியை வெட்டும் இரண்டு கணுக்கள்தான். உருவமே இல்லாத அந்த இரண்டு புள்ளிக்குக் கோயில் கட்டி, பெயர்ச்சி வைத்து, தசையில் 18 வருஷமும் 7 வருஷமும் ஒதுக்கிய மரபு நம்முடையது. கணுவைப் படிப்பதற்கு வெளியிலிருந்து யாரும் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மற்ற கிரகங்களுக்கும் கணு உண்டு. சூரிய சித்தாந்தம் ஐந்து கிரகத்துக்கும் கணக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு கற்பம், அதாவது 432 கோடி வருஷத்தில், செவ்வாயின் கணு 214 சுற்று, புதனுடையது 488, குருவுடையது 174, சுக்கிரனுடையது 903, சனியுடையது 662. சனி கணு ஒரு சுற்று வர 65 லட்சம் வருஷம் ஆகும் என்று அர்த்தம். இன்றைய வானியல் கணக்கில் வேகம் வேறு. ஆனாலும் சொல்லும் சேதி ஒன்றுதான்: ராகு-கேது ஒன்றரை வருஷத்துக்கு ஒரு ராசி மாறும், கிரகங்களின் கணு மனுஷ ஆயுளில் அசையாது என்றே வைத்துக்கொள்ளலாம். சிரஸின் கணு ஒரு பாகை பின்னே நகரச் சுமார் 60 வருஷம். பிரபவ முதல் அட்சய வரை ஒரு முழு வட்டம் போனால் ஒரு பாகை!

இந்தக் கணுக்களைச் சூரியனை மையமாக வைத்துத்தான் கணக்கிட வேண்டும். “நாம் நிற்பது பூமியில்தானே, பூமியிலிருந்து பார்த்தால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் சிப்போரா டாபின்ஸ் என்ற அம்மையார் பூமியிலிருந்து தெரியும் கணுவைத்தான் கையாண்டார். எனக்கு அது ஒப்பவில்லை. சிரஸின் கணுவைப் பூமியிலிருந்து பார்த்தால், நாம் சூரியனைச் சுற்றச் சுற்ற, அது இந்தப் பக்கம் 21 பாகை, அந்தப் பக்கம் 21 பாகை என்று வருஷம் முழுக்க ஆடும். ஒரு ராசிக்கு மேலேயே ஆடும் புள்ளியில் என்ன பலன் சொல்வது?

சுக்கிரனுக்கு ஆட்டம் இன்னும் மோசம். 2012 ஜூன் 6 காலையில் சூரியன் மேல் கறுப்புப் பொட்டாக வெள்ளி ஊர்ந்ததே, பார்த்திருப்பீர்கள். அன்றைக்குச் சுக்கிரன் தன் இறங்கு கணுவுக்குப் பக்கத்தில் நின்றது. சூரியனை மையமாக வைத்தால் அந்தக் கணு விருச்சிகத்தில், கேட்டையில். பூமியிலிருந்து பார்த்தவர்களுக்கோ அது ரிஷபத்தில், ரோகிணியில். நேர் எதிர் ராசி! இப்படி இரண்டு கணக்கையும் குழப்பினால் ஏழாம் பார்வையே தலைகீழாகிவிடும்.

ஆனால் இரண்டும் ஒத்துப்போகும் நாள்களும் உண்டு. பூமியின் பாதைக்கு வெளியே சுற்றும் எந்தக் குறுங்கோளை எடுத்தாலும் வருஷத்தில் இரண்டு நாள் பூமி அதன் கணுக் கோட்டின் மேலேயே வந்து நிற்கும். அன்றைக்கு ஆட்டம் சூன்யம். சூரியனிலிருந்து பார்த்தாலும் பூமியிலிருந்து பார்த்தாலும் கணு ஒரே பாகையில் இருக்கும். நான் நம்புவது அந்த இரண்டு நாளை மட்டும்தான். திரும்பவும் சொல்கிறேன், அந்த இரண்டு நாளை மட்டும்தான்.

நான்கையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அயனாம்சம் கழித்தபின், சிரஸின் ஏறு கணு ரிஷபத்தில் 26 பாகை தாண்டி, மிருகசீரிஷம். வைகாசி கடைசி வாரமும் கார்த்திகை கடைசி வாரமும் அதன் நாள்கள். பல்லாஸ் சிம்மம் 29, உத்திரம் முதல் பாதம். ஆவணி முடிவு, மாசி முடிவு. ஜூனோ சிம்மம் 26, பூரம் நாலாம் பாதம். வெஸ்டா மிதுனம் 20, திருவாதிரை முடியும் எல்லை.

எனக்குப் பிடித்தது ஐந்தாவது ஒன்று. அதற்குத்தான் மிச்ச நேரம் முழுவதும்.

அதன் பெயர் ஆசியா. வரிசை எண் 67. நம் சென்னையில் கண்டுபிடித்தது. 1861 ஏப்ரல் 17, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து மனிதன் கண்டுபிடித்த முதல் குறுங்கோள், அதனால்தான் அந்தப் பெயர். போக்சன் அந்த வருஷம்தான் சென்னைக்கு வந்து பொறுப்பேற்றவர். நட்சத்திர ஒளிக்கு இன்றும் உலகம் பயன்படுத்தும் அளவை, அதாவது ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு ஒளி என்ற கணக்கை, 1856-இல் வகுத்துக் கொடுத்தவரும் அவரே. சென்னையிலிருந்து பிறகு சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா என்று நான்கைப் பிடித்தார். 1891-இல் சென்னையிலேயே காலமானார். அந்த ஆய்வகத்தின் பழைய கருங்கல் தூண் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. சென்னைக்குப் போகிறவர்கள் கடற்கரையையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அந்தத் தூணை யார் பார்க்கிறோம்?

போக்சனுக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நம் ஜோதிடர்கள் தினம் ஒரு முறை நினைக்க வேண்டிய பெயர். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடப்பதற்கு முன், பொதுஜனம் புரிந்துகொள்ளட்டும் என்று நம் மொழிகளில் சிறு புத்தகம் எழுதியவர். தொலைநோக்கியில் தெரிவதோடு ஒத்துப்போகிற பஞ்சாங்கம் வேண்டும் என்று வாதாடியவர். என் திருக்கணிதக் கட்சிக்கு அவர் மூத்தவர். அந்த 1874 கடப்பும் சுக்கிரனின் ஏறு கணு அருகே நடந்ததுதான் என்பதைக் கவனியுங்கள்.

ஆசியாவுக்கு வருகிறேன். பாதைச் சாய்வு ஆறு பாகைதான், சந்திரனைவிடக் கொஞ்சம் கூட. பல்லாஸ் மாதிரி காட்டுக்குள் ஓடாது. சூரியனைச் சுற்ற மூணே முக்கால் வருஷம். ஏறு கணு சுமார் 202 பாகை. அயனாம்சம் 23 பாகை 51 கலையைக் கழியுங்கள். கன்னி 28 தாண்டி, சித்திரை நட்சத்திரம் இரண்டாம் பாதம். இறங்கு கணு அதற்கு நேர் எதிர், மீனம் 28 தாண்டி, ரேவதி. பூமி அந்தக் கோட்டில் நிற்கும் நாள் புரட்டாசிக் கடைசி ஒன்று, பங்குனிக் கடைசி ஒன்று. தமிழ் வருஷம் பிறக்க ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது பூமி ஆசியாவின் கணுக் கோட்டைத் தாண்டுகிறது! போக்சன் அதைக் கண்டதும் அந்தத் தாண்டலுக்குப் பின் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. குறுங்கோள் தேடுகிறவர்கள் சூரிய வீதியை ஒட்டித்தான் துழாவுவார்கள். கணுவுக்குப் பக்கத்தில் வருவது சுலபமாகச் சிக்கும். ஆனாலும் எனக்கு இந்தப் பொருத்தம் ரொம்பப் பிடித்திருக்கிறது. பங்குனிக் கடைசியிலும் புரட்டாசிக் கடைசியிலும் பிறந்தவர் ஜாதகம் வந்தால், சூரியன் ஒரு பாகைக்குள் அந்தக் கணுவில் இருக்கிறாரா என்று தனியாகப் பார்க்கிறேன். இருந்தால், சொந்த மண்ணைவிட்டு வெளியே போய் வேர் பிடிக்கும் மனசு என்று படிக்கிறேன். ஒரு பாகைக்குள். ஐந்து பாகை, எட்டுப் பாகை என்று தாராளம் காட்டினால் ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்திவிடும். இது என் வாசிப்பு. வானியலார் ஜோதிடத்துக்கே சான்று இல்லை என்பார்கள், அவர்களோடு நான் வழக்காடவில்லை. நான் வழக்காடுவது கணக்குப் பார்க்காத ஜோதிடர்களோடு.

கணக்கு என்றால் எப்படிப்பட்ட கணக்கு? அந்தச் சென்னை வானாய்வகத்தில் போக்சனுக்கு அரை நூற்றாண்டு முன்னால் பொறுப்பு வகித்தவர் ஜான் வாரன். 1825-இல் ‘கால சங்கலித’ என்ற புத்தகம் போட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்ததை அதில் எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்தார். சோழிகளைப் பரப்பினார். காகிதம் இல்லை, எழுத்தாணி இல்லை. வாய்ப்பாடு முழுவதும் அசைச் சொற்களாக நெஞ்சில். சோழிகளை நகர்த்தி நகர்த்தியே அந்த வருஷம் மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்துவிட்டார். பிற்காலத்தில் நியூகெபவர் என்ற கணித வரலாற்றறிஞர் அதைச் சோதித்தார்: தொடக்கத்தில் நாலு நிமிஷம்தான் பிழை, நடுவில் 23, முடிவில் 52. கிரகணம் என்றால் கணுக் கணக்குத்தானே? ராகு-கேது எங்கே என்று தெரியாமல் கிரகணம் இல்லை. நூறு குறுங்கோள் காட்டும் செல்பேசியைக் கையில் வைத்திருக்கும் நாம், அந்தச் சோழிக்காரர் முன் எந்த மூஞ்சியோடு உட்காருவோம்?

தொழிலில் இருக்கும் இளையவர்களுக்கு மூன்று சொல்கிறேன். ஒன்று, குறுங்கோள் நிற்கும் ராசியை எழுதாதீர்கள், கணுவை எழுதுங்கள். இரண்டு, சூரியன், சந்திரன், லக்னம், லக்னாதிபதி, இந்த நான்கைத் தவிர வேறெதையும் அதோடு பொருத்தாதீர்கள். மூன்று, ஒரு பாகைக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள்.

ஜூனோவோடு வந்த அந்தத் தம்பிக்கு மூன்றையும் போட்டுப் பார்த்தேன். ஒரு கணுவும் அவர் ஜாதகத்தைத் தொடவில்லை. “ஜூனோவுக்கும் உன் கல்யாணத்துக்கும் சம்பந்தமே இல்லைப்பா, பொண்ணு பார்க்கிற வேலையைப் பாரு” என்று சொல்லி அனுப்பினேன். கணக்கு ஒழுங்காக இருந்தால் பாதி ஜாதகத்துக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் அதுதான்.