டிரெஸ்டனின் கறுத்த கற்கள்

(புணே கிளைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

"கால் மணிதான்" என்று காரியதரிசி கறாராகச் சொல்லிவிட்டார். ஆகையால் எங்கள் ஜெர்மனி யாத்திரையில் ஒரே ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

2024 மே மாதம் பெர்லினில் பெண், மாப்பிள்ளையிடம் போயிருந்தோம். அங்கிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் டிரெஸ்டன். எல்பே நதிக்கரையில் சாக்ஸனி மன்னர்கள் ஆண்ட தலைநகரம். 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் சுமார் 25,000 பேர் மாண்டார்கள். ஊரின் நடுப்பகுதியே எரிந்துபோயிற்று. "எல்லாம் திரும்பக் கட்டினதுதானே, பார்க்க என்ன இருக்கு?" என்று கிளம்பும்போதே முணுமுணுத்தேன். அகத்துக்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் அரண்மனை. அங்கே மன்னர்களின் கஜானாவுக்குப் பச்சைப் பெட்டகம் என்று பெயர். உள்ளே போனால், நம் ஔரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பார்! டிங்லிங்கர் என்ற அரசவைப் பொற்கொல்லர் 1701 முதல் 1708 வரை செய்தது. பொன், வெள்ளி, எனாமலில் நூற்றுக்கு மேற்பட்ட குட்டி உருவங்கள், ஏறக்குறைய 5,000 வைரங்கள், யானை, ஒட்டகம் எல்லாம். அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. யாத்ரிகர்கள் எழுதிவைத்ததைப் படித்தே செய்தாராம். அதனால் சீனமும் எகிப்தும்கூட தில்லிக்குள் புகுந்துவிட்டன! வேலை முடிவதற்குள், 1707-ல், ஔரங்கசீப் இதோ நம் அகமத்நகரில் காலமாகிவிட்டார். அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். ரஃபேல் வரைந்த சிஸ்டைன் மடோனா இருக்கும் ஸ்விங்கர் மாளிகையை, கால்வலியால், கொஞ்சம் ஓட்டமாகத்தான் பார்த்தேன்.

பிறகு ஃப்ரௌன்கிர்ஷே தேவாலயம். 1743-ல் கட்டி முடித்தது. குண்டுவீச்சின் தீயில் வெந்து, பிப்ரவரி 15 காலையில் அதன் கல் கோபுரம் சரிந்தது. கிழக்கு ஜெர்மனி இருந்தவரை கற்குவியலாகவே கிடந்தது. 1994-ல் வேலை தொடங்கி 2005-ல் திறந்தார்கள். குவியலில் தேறிய பழைய கற்களை அடையாளம் கண்டு, பலவற்றை அததன் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். புதுக்கல் வெளிறிய மஞ்சள்; பழையது கறுப்பு. தேய்த்துச் சமமாக்கவில்லை. உச்சியிலுள்ள சிலுவையைச் செய்தவர் ஆலன் ஸ்மித் என்ற ஆங்கிலேயர். அவருடைய தகப்பனார் அந்த ஊரில் குண்டு வீசிய விமானிகளில் ஒருவர். இடிபாட்டில் கிடைத்த பழைய நெளிந்த சிலுவை உள்ளே இருக்கிறது.

மத்தியானம் பெரிய தோட்டம். 1676-ல் போட்டது, இன்றைக்கு ஊருக்கே பூங்கா. அங்கே 1950 முதல் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. டிக்கெட் கொடுப்பது, சிக்னல் பார்ப்பதெல்லாம் பள்ளிக்கூடக் குழந்தைகள்! பேரன் ஏறிக்கொண்டான். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து புளியஞ்சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். பக்கத்தில் வயதான அம்மாள் ஒருவர். என் பெண்தான் மொழிபெயர்த்தாள். அந்த ராத்திரி அவருக்கு நான்கு வயசு. வீடு தீப்பற்றியதும் தாயார் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது இந்தத் தோட்டத்துக்குத்தான். இங்கேயும் குண்டு விழுந்ததாம். எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். எங்களுக்குச் சாதம் இறங்கவில்லை.

அதற்குள் ரயில் சுற்றி வந்துவிட்டது. பேரன் கையை ஆட்டினான். அந்த அம்மாளும் ஆட்டினார்.

ஸ்டேஷனுக்குத் திரும்புமுன் இன்னொரு தடவை தேவாலயத்துக்குப் போகலாமா என்று கேட்டது நான்தான். கால்வலி என்ன ஆயிற்று என்றாள் அகத்துக்காரி.