செவியும் செங்கோலும்

(திருக்குடமுழுக்கு விழாப் பந்தலில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சிவமயம்

 

மேற்கே மலைத்தொடர் மதிலாக நிற்க, முல்லையாறும் சுருளியாறும் பாய்ந்து வளஞ்செய்ய, நெல்லும் வாழையும் திராட்சையும் விளைந்து செழிக்கும் இக் கம்பம் பள்ளத்தாக்கிலே, கலசங்களில் நன்னீர் சொரியும் இப் பொன்னாளிற் பேசும் பேறு அடியேனுக்கு வாய்த்தது இறைவன் திருவருள். விழாக் குழுவினர், 'பண்டை இலக்கியங்களில் அதிகார வேட்கை' என்னும் பொருளைத் தந்து பேசப் பணித்தனர். கோயில் விழாவில் இப் பொருள் எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். கோயிலைக் காட்டிலும் இதற்கேற்ற இடம் வேறில்லை என்பதே அடியேன் கருத்து. அதன் காரணத்தை முடிவிற் கூறுவேன்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். அதிகாரம் தீயது அன்று. மடை திறக்கும் உரிமை ஒருவரிடம் முறையாக இருந்தாலன்றிக் கடைமடை வயலுக்கு நீர் சேராது என்பதை வயலுடைய உங்களுக்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வேட்கை என்பது வேறு. மடை திறப்பவன் நீரை மறந்து, மடையைத் தன்னுடையதென்று எண்ணத் தொடங்குகிறானே, அதுவே வேட்கை. 'யான்', 'எனது' என்னும் இச் செருக்கைச் சைவ சித்தாந்தம் ஆணவத்தின் செயல் என்று கூறும். செம்பிற் களிம்பு போல அஃது உயிரோடு முன்னமே ஒட்டிக் கிடப்பது. பதவி வந்ததனால் அது புதிதாகப் பிறப்பதில்லை. பதவி வந்தபோது வெளிப்படுகின்றது, அவ்வளவே.

அங்ஙனமாயின், அது முதன்முதல் எவ்விடத்தில் வெளிப்படும்? ஐம்பது ஆண்டுகளாக நூல்களை ஓதியும் ஓதுவித்தும் வந்த அளவில் அடியேன் கண்ட விடை ஒன்று. அதிகார வேட்கை முதலிற் கெடுப்பது செவியை. கண் கெடுவதும் கை கெடுவதும் அதன் பின்னரே. கேட்கக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் பண்பினைத் திருவள்ளுவர் வேந்தனுக்குரிய இலக்கணங்களுள் ஒன்றாக வைத்தார். தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் பெரியாரைத் துணையாகப் பெறாத மன்னன், பகைவர் எவரும் இல்லாமலே அழிவான் என்றும் எச்சரித்தார். கேள்விக்கென்றே தனியோர் அதிகாரம் வகுத்தவர் அவர். கேள்வியை இழந்தவன் கையில் உள்ள அதிகாரம் அவனுக்கே பகையாகும்.

இதற்கு இராவணனைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. அவன் கல்லாதவன் அல்லன், தவமில்லாதவன் அல்லன், சிவபெருமானிடத்து அன்பில்லாதவனும் அல்லன். திருஞானசம்பந்தப் பெருமான் தம் பதிகங்கள் மிகப் பலவற்றின் எட்டாம் பாடலில் அவனை நினைந்து பாடுகின்றார்; கயிலையை எடுத்து நெரிந்ததையும், பின்னர் இசை பாடி அருள் பெற்றதையும் சேர்த்தே பாடுகின்றார். திருநாவுக்கரசு சுவாமிகள் ஒரு பதிகத்தில் நுட்பமான செய்தி ஒன்றைத் தருகின்றார். தேர் கயிலையின்மீது செல்லாது, வீரத்தை எண்ணி முனையாதே என்று இராவணனைத் தேர்ப்பாகனே தடுத்தானாம். பாகன் சொல்லைக் கேட்டிருந்தால் மலைக்கீழ் நெரியும் துன்பம் இல்லை. ஆனால் உலகையெல்லாம் வென்றவன், தன் தேரை ஓட்டுபவன் சொல்லைக் கேட்பதா?

கம்பநாடர் காட்டும் இராவணனும் அவனே. மாரீசன் நன்மை கூறினான், வாள்முனையில் அச்சுறுத்தப்பட்டான். தம்பி கும்பகருணன் அவை நடுவே பழித்துரைத்தான். மற்றொரு தம்பி வீடணன் இரணியன் கதையை எடுத்துக்காட்டி இரந்துரைத்தான். அவனை நாட்டை விட்டே ஓட்டினான். இலங்கையில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. கேட்கும் செவிக்கே பஞ்சம். பாரதத்திலும் அதுவே. துரியோதனன் அவையில் அறம் உரைத்த விதுரன் இழித்துரைக்கப்பட்டு, தன் வில்லை ஒடித்தெறிந்து வெளியேறினான். அன்றே அத் துரியோதனன் பாதி தோற்றுவிட்டான்.

கந்தபுராணத்துச் சூரபதுமன் கதை இன்னும் ஆழமானது. அவன் பெற்ற ஆட்சி களவாடியதன்று, கடுந்தவத்தினாற் பெற்றது. சிவபெருமானே ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும்படி அருளினார். ஆகவே, நல்வழியில் வந்த அதிகாரமும் கெடுக்கும் என்பதற்கு அவன் சான்று. அவன் தம்பி சிங்கமுகன், தேவரைச் சிறைவிடுக என்று எடுத்துரைத்தபோது, அது கோழையின் சொல் என்று தள்ளினான். அருளாற் பெற்றதைத் தன் தோளாற் பெற்றதாக எண்ணியதே அவன் செய்த பிழை. ஆயினும் அவனையும் முருகப்பெருமான் அழித்தொழிக்கவில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஆட்கொண்டார். சுருளி மலையில் வேலப்பரை வணங்கும்போது, அம் மயிலும் ஒருகாலத்தில் எவர் சொல்லையும் கேளாத மன்னனே என்பதை நாம் நினைத்தல் நன்று.

இனி, நம் பள்ளத்தாக்கின் சான்றுக்கு வருவோம். கூடலூருக்கு மேலே, மலை முகட்டில், மங்கலதேவி கோட்டம் என வழங்கும் கண்ணகி கோயில் சிதைந்த நிலையில் நிற்கின்றது. தமிழகமும் கேரளமும் எல்லை கொள்ளும் அவ்விடத்துக்கு ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, அடியார்கள் மலையேறிச் செல்கின்றனர். மதுரையை நீங்கிய கண்ணகி வையைக் கரை வழியே நடந்து வந்து, வேங்கை மர நிழலில் நின்று விண்ணுலகு சென்ற குன்றம் இதுவே என்று கருதுவோர் பலர். சேரன் செங்குட்டுவன் எடுத்த கோட்டம் என்பதும் அவர்தம் கருத்து.

பாண்டியன் நெடுஞ்செழியன் செய்த பிழை சிறிதன்று. பொற்கொல்லன் ஒருவன் கூறியதை ஆராயாமல் நம்பினான். ஊடிய தேவியின் மாளிகைக்கு விரைந்த வேளையிலே, ஒரு சொல்லாற் கோவலன் உயிரைப் போக்கினான். அதிகாரத்தின் கொடுமை இதுவே. பிறர் கையிலாயின் நூறு சொல்லுக்குப் பின்னும் நடவாத தீங்கு, அரசன் வாயிலாயின் ஒரு சொல்லில் நடந்துவிடும். ஆனால் அதன்பின் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். துணையற்ற ஒரு பெண், தலைவிரி கோலமாய், ஒற்றைச் சிலம்போடு வாயிலில் வந்து நின்றாள். அவளைத் துரத்திவிட ஒரு கண்சாடை போதும். அரசன் உள்ளே அழைத்தான். அவையோர் கேட்க அவள் கூறிய கடுஞ்சொற்களைக் கேட்டான். தன் தேவியின் சிலம்பைத் தானே கொணர்வித்து முன்னே வைத்தான். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், பரல் முத்தல்ல என்பது கண்டதும், தன் தவற்றைத் தன் வாயாலேயே ஒப்பி, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்நீத்தான்.

மதுரையைத் தீக்கிரையாக்கிய அதே கண்ணகி, வஞ்சிக் காண்டத்தில் தெய்வமாகத் தோன்றுமிடத்து என்ன கூறுகின்றாள்? பாண்டியன் குற்றமற்றவன் என்கின்றாள். தன்னை அவன் மகள் என்றே சொல்லிக்கொள்கின்றாள். கணவனைக் கொன்றவனைத் தந்தை என ஏற்கும் உள்ளம் எங்ஙனம் வந்தது? அவன் கேட்டான் என்பதனால் வந்தது. இராவணன் செவி மூடியதால் அவன் தவமும் வீணாயிற்று. பாண்டியன் செவி திறந்ததால் அவன் பெரும்பிழையும் கழுவப்பட்டது. நாம் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் மலை இதற்குச் சான்றாக நிற்கின்றது.

மற்றொரு சான்றும் நம் மண்ணிலேயே கிடைத்தது. சின்னமனூர்ச் செப்பேடுகளை நீங்கள் அறிவீர்கள். அவற்றுட் பெரியது, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பாண்டியன் மாறவர்மன் இராசசிங்கன் அளித்த கொடையைக் கூறுவது. பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியமை, மதுரையிற் சங்கம் நிறுவியமை ஆகிய தன் முன்னோர் புகழையெல்லாம் எடுத்துரைப்பது. அம் மன்னன் முதற் பராந்தக சோழனிடம் தோற்றான். இலங்கைக்குச் சென்று, தன் குலமகுடத்தை அங்கே அடைக்கலமாக வைத்துவிட்டுக் கேரளம் சேர்ந்தான் என்று மகாவம்சம் கூறும். அம் மகுடத்தைப் பெறப் பராந்தகன் இலங்கைமேற் படை செலுத்தினான், கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, முதல் இராசேந்திரன் அதனைக் கைப்பற்றியதாகத் தன் மெய்க்கீர்த்தியிற் பொறித்தான். எவர் தலையிலும் இல்லாத ஒரு முடிக்காகக் கடல் கடந்து எத்தனை உயிர்கள் மடிந்தன! இன்று அம் மகுடம் எங்கே? சின்னமனூரிற் கிடைத்த செப்பேடோ இன்றும் படிக்கப்படுகின்றது. முடி போயிற்று, கொடை நின்றது.

முடியை விரும்பியும் கெடாத ஒருவரைச் சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார். அவர் களந்தை வேந்தராகிய கூற்றுவ நாயனார். பல மன்னரை வென்று நாடுகளைக் கைக்கொண்டவர்; முடி ஒன்றே குறை. தில்லைவாழ் அந்தணரிடம் வேண்டினார். சோழர் குலத்துக்கன்றி முடி சூட்டோம் என மறுத்த அவர்கள், தில்லைப் பூசனைக்கு ஒரு குடும்பத்தை நிறுத்திவிட்டுச் சேரநாடு சென்றனர். வாளேந்திய வேந்தருக்கு மறுப்பு என்பது எத்தகைய சோதனை! பின்தொடர்ந்து சென்று வருத்த அவரால் முடியும். அவரோ அம் மறுப்பைச் செவியேற்றார், வாளைத் தொடவில்லை. ஆடல்வல்லான் திருவடியையே முடியாக வேண்டி நின்றார். இறைவன் கனவில் எழுந்தருளித் திருவடியை அவர் சென்னிமேற் சூட்டினார். வேட்கை இருந்தது உண்மை. ஆயினும் மறுப்பைக் கேட்ட செவி அவ் வேட்கையைத் திருவடிக்குத் திருப்பிவிட்டது. கம்பநாடர் காட்டும் பரதன் வலியத் தந்த அரசை மறுத்து, அண்ணன் திருவடிநிலைகளைத் தலைமேற் கொண்டு நந்தியம்பதியில் இருந்தானன்றோ? இருவரும் கண்ட முடி ஒன்றே.

அன்பர்களே, பிறர் குறையை இத்துணை நேரம் பேசினேன். இனி என் குறையைக் கூறாது விட்டால் இப் பேச்சு பொய்யாகும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரிற் சைவ சபையொன்றின் தலைமை அடியேனிடம் வந்தது. திருமடத்திற் பயின்றவன், பதவியை நாடாதவன் என்றே என்னை எண்ணியிருந்தேன். ஓர் ஆண்டு விழாவில் முதிய ஓதுவார் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, தங்கள் சொற்பொழிவு நீண்டுவிட்டது. பண்ணிசைக்குரிய நேரம் போயிற்று. இரண்டு பதிகத்தோடு நிறுத்தும்படி ஆயிற்று" என்றார். அவர் கூறியது உண்மை. கூறிய முறையும் பணிவானது. அடியேன் விடையாகக் கூறியது: "சபையை நடத்துவது யார்?"

மறு ஆண்டு அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை. அச்சுக்கூடத்தார் பிழையால் விடுபட்டதன்று, யான் விட்டது. சில திங்களில் அவர் சிவபதம் அடைந்த செய்தி வந்தது. அவர் இல்லத்துக்குச் சென்றேன். அவர்தம் குழித்தாளம் மாடத்தில் இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு அவர் இல்லை. இராவணனுக்கு மூவுலகம் வேண்டியிருந்தது. என் செவியைக் கெடுக்க நாற்பது பேர் கொண்ட ஒரு சபையே போதுமானதாயிற்று. அன்றுதொட்டுப் பெரியபுராணத்தை ஓதுந்தோறும், அதனை ஓதிய எனக்கே அது ஏன் அன்று உதவவில்லை என்று எண்ணுகின்றேன். படித்தது நாவில் நின்றது, செவிக்குள் இறங்கவில்லை.

இப்போது தொடக்கத்திற் சொன்ன காரணத்துக்கு வருகின்றேன். கோயிலை எழுப்பும் கைகளே கோயிலில் அதிகாரத்துக்கும் உரியன ஆகின்றன. முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு, கல்வெட்டில் முதல் வரி யாருக்கு என்னும் பூசலால் ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்த கோயில்களை அடியேன் கண்டிருக்கின்றேன். அவற்றைப் பூட்டியவர்கள் நாத்திகர்கள் அல்லர். திருப்பணிக்கு வாரி வழங்கிய அன்பர்களே. சூரபதுமனைப் போல, அருளால் வந்த பணியைத் தோளால் வந்த உரிமையாக எண்ணியமையே காரணம்.

ஆகலின், ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள் கோயிற் கணக்கை ஊரார் முன்னிலையில் வாசியுங்கள். வினவுவோரைப் பகைவர் என்று கருதாதீர்கள். சருகு கூட்டும் பணியாளரும் பூத்தொடுக்கும் மூதாட்டியும் குறை கூறினால், இருந்து கேளுங்கள். இராவணனுக்குத் தேர்ப்பாகன் வாயிலாக வந்தது போல, நமக்கும் எச்சரிக்கை எளியோர் வாயிலாகவே வரும்.

நம் பழைய கல்வெட்டுக்களின் இறுதியில் ஒரு வழக்கம் உண்டு. ஊரையும் பொன்னையும் கொடுத்த பெருமன்னரும் தலைவரும், தம் காலத்துக்குப்பின் இவ் அறத்தைக் காப்பவன் எவனோ, அவன் திருவடி எம் தலைமேலது என்று எழுதிவைத்தனர். காப்பவன் யாரென்று அவர்கள் அறியார். ஏழையோ, எளியவனோ, அயற்குலத்தானோ, கேட்டிலர். கூற்றுவனார் இறைவன் திருவடியை முடியாகக் கொண்டார். இவ் வள்ளல்கள் இன்னும் பிறவாத தொண்டனின் திருவடியை முடியாகக் கொண்டனர். இத் திருக்கோயிலின் கல்வெட்டில் நம் பெயர் எந்த வரியில் இருப்பினும் ஆகுக. நாளை விளக்கேற்றப் போகும் பெயர் தெரியாத அந்த ஒருவரின் அடி நம் தலைமேல் இருக்கட்டும்.

யாவர்க்கும் இறைவன் கேட்கும் செவியை அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.