கேப்ச்சர்ல காணோம்னா நெட்வொர்க்ல தொலைஞ்சதுன்னு அர்த்தமா?

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். வயர்ஷார்க்ல ஒரு கேப்ச்சர் ஃபைலைத் திறக்கறீங்க. நடுவுல ஒரு கருப்பு வரி, அதுல சிவப்பு எழுத்து: "ப்ரீவியஸ் செக்மென்ட் நாட் கேப்ச்சர்ட்". உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "பாக்கெட் லாஸ் இருக்கு, நெட்வொர்க் டீம் பாருங்க"ன்னு டிக்கெட் போட்டுடலாமா?

கொஞ்சம் பொறுங்க. வயர்ஷார்க் என்ன சொல்லுதுன்னு திரும்பப் படிங்க. "தொலைஞ்சது"ன்னு சொல்லலை, "கேப்ச்சர் ஆகலை"ன்னுதான் சொல்லுது. இது ரெண்டும் வேற வேற.

முதல்ல அடிப்படை. டிசிபில சீக்வென்ஸ் நம்பர் பாக்கெட்டை எண்ணாது, பைட்டை எண்ணும். ஒரு பாக்கெட் 1ல தொடங்கி 1460 பைட் கொண்டுவருதுன்னா, அடுத்தது 1461ல தொடங்கணும். அதுக்கடுத்தது 2921ல. ஆனா உங்க கேப்ச்சர்ல 1க்கு அப்புறம் நேரா 2921 நிக்குது. 1461 எங்க போச்சு?

இங்க மூணு கதை இருக்கலாம். கேப்ச்சர் டேட்டாவை வாங்குற மெஷின்ல எடுத்ததுன்னு வெச்சுக்குவோம்.

ஒண்ணு, 1461 கொஞ்ச நேரத்துல பின்னாடியே வருது. அந்த இடைவெளி ஆர்டிடியை விட ரொம்பக் கம்மி. அப்ப அது திரும்ப அனுப்பினதா இருக்க முடியாது. ஏன்னா "வரலை"ங்கற செய்தி அனுப்பினவர்கிட்ட போய், அவர் மறுபடி அனுப்பி, அது இங்க வரவே ஒரு ஆர்டிடி ஆகும். ஸோ எதுவும் தொலையலை, வரிசை மட்டும்தான் மாறியிருக்கு. ஆர்டிடி எவ்வளவுன்னு ஆரம்பத்துல நடக்குற ஹேண்ட்ஷேக்லயே பார்த்துக்கலாம்.

ரெண்டு, இங்கேருந்து "எனக்கு 1461 வேணும்"னு அதே ஏக் திரும்பத் திரும்பப் போகுது. அதுதான் டூப்ளிகேட் ஏக். ஒரு ஆர்டிடிக்கு மேல ஆனப்புறம் 1461 வந்து சேருது. இது நிஜமான லாஸ். உங்க மெஷினுக்கு வர்றதுக்கு முன்னாடியே, வழியில எங்கயோ விழுந்திருக்கு.

மூணாவதுதான் முக்கியம். 1461 கேப்ச்சர்ல கடைசிவரைக்கும் வரவே இல்லை. ஆனா இங்கேருந்து 4381னு ஏக் போகுது. அதாவது "4380 வரைக்கும் எல்லாம் கிடைச்சுது"ன்னு வாங்கினவரே கையெழுத்துப் போட்டுட்டார். அப்ப பாக்கெட் பத்திரமா வந்து சேர்ந்திருக்கு. உங்க கேப்ச்சர்தான் அதைக் கோட்டை விட்டிருக்கு. வயர்ஷார்க்கும் அந்த இடத்துல "ஏக்ட் அன்சீன் செக்மென்ட்"னு தனியா ஒரு வரி காட்டும்.

டிராஃபிக் அதிகமா இருக்கும்போது இது சகஜம். டிசிபிடம்ப்பை நிறுத்தினதும் கடைசியில "ட்ராப்ட் பை கெர்னல்"னு ஒரு எண் வரும். அது பூஜ்யம் இல்லைன்னா, அந்த ஃபைலை மட்டும் வெச்சு யாரையும் குத்தம் சொல்லாதீங்க. பஃபரைக் கூட்டுங்க, தேவையான ஹோஸ்ட்டுக்கு மட்டும் ஃபில்டர் போடுங்க, ஸ்கிரீன்ல ஓடவிடாம நேரா ஃபைல்ல எழுதுங்க, அப்புறம் மறுபடி எடுங்க.

வாய்ஸ் கால் கதை கொஞ்சம் வேற. அங்க ஆர்டிபி. நம்பர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒண்ணு கூடும், பஸ் டிக்கெட் கட்டு மாதிரி. 16 பிட்தான், அதனால 65535க்கு அப்புறம் 0. 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்னா செகண்டுக்கு 50. கிட்டத்தட்ட 22 நிமிஷத்துல ஒரு சுத்து முடிஞ்சிடும். நீங்களே ஸ்கிரிப்ட் எழுதி எண்ணும்போது இதை லாஸ்னு கணக்குப் போட்டுடாதீங்க.

ஆர்டிபில பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஏக் கிடையாது. அப்ப வாங்கினவர் சாட்சிக்கு எங்க போறது? ஆர்டிசிபி ரிசீவர் ரிப்போர்ட் இருந்தா அதைப் பாருங்க. இதுவரை எத்தனை பாக்கெட் வரலைன்னு அவரே சொல்லியிருப்பார். உங்க கேப்ச்சர்ல 40 காணோம், அவர் ரிப்போர்ட்ல 0ன்னா, பிரச்சனை உங்க கேப்ச்சர்ல.

ஸோ டிக்கெட் போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம் எழுதுங்க: கேப்ச்சர் எந்த மெஷின்ல எடுத்தது, எந்த சீக்வென்ஸ் நம்பர் காணோம், அதைப் பத்தி எதிர்ல இருந்த ஏக் என்ன சொல்லுது. முடிஞ்சா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கேப்ச்சர் எடுத்து இணைங்க. அந்தப் பக்கம் கிளம்பி இந்தப் பக்கம் வரலைன்னா, அதுக்கு மேல வாதமே தேவையில்லை. இல்லைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரோ ஒருத்தர், பழுதே இல்லாத ஸ்விட்ச்சை உட்கார்ந்து தேடிட்டு இருப்பார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.